பால் மெக்கார்ட்னி அரிதாகப் பாடும் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்கார்ட்னியின் எந்தப் பாடல்களை ரசிகர்கள் அரிதானவை என்கிறார்கள்?

பீட்டில்ஸ் குழுவில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் இருக்கும் அவர், எண்பது வயதைக் கடந்த பிறகும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நின்று பாடுகிறார். அப்படியிருந்தும் அவர் எழுதிப் பதிவு செய்த பாடல்களில் பெரும்பகுதிக்கு அந்த இரவில் இடம் கிடைப்பதில்லை. "ஹே ஜூட்", "லெட் இட் பி", "பேண்ட் ஆன் த ரன்", வாணவேடிக்கையோடு வரும் "லிவ் அண்ட் லெட் டை" ஆகியவை ஏறக்குறைய எல்லாக் கச்சேரிகளிலும் இருக்கும் என்பதை அனுமதிச்சீட்டு வாங்கும்போதே எல்லோரும் அறிவார்கள். மற்றவற்றில் சில ஒருமுறைகூட மேடை ஏறாதவை. சில ஏதோ ஒரு சுற்றுப்பயணத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்தவை. இன்னும் சில, கச்சேரிக்கு முன்பு நடக்கும் சவுண்ட் செக் என்ற ஒலிச் சரிபார்ப்பில் மட்டும் கேட்கக் கிடைத்தவை. தீவிர ரசிகர்கள் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான்.

தரம் குறைந்த பாடல்கள் என்பதால்தான் அவர் அவற்றைப் பாடுவதில்லையா?

இல்லை. ஒரு பாடல் மேடை ஏறுவதும் ஏறாமல் போவதும், அது எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையில் ஊர் ஊராகச் சென்று பாடாமல் இருந்த காலங்களைப் பார்க்க வேண்டும்.

முதல் இடைவெளி பீட்டில்ஸ் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் பாடியதோடு பீட்டில்ஸ் குழுவினர் சுற்றுப்பயணங்களை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் வெளிவந்திருந்த "ரிவால்வர்" ஆல்பத்திலிருந்து ஒரு பாடலைக்கூட அந்தக் கடைசிப் பயணத்தில் அவர்கள் பாடவில்லை. அதன்பின் வந்த "சார்ஜண்ட் பெப்பர்" முதலிய ஆல்பங்கள் பதிவுக்கூடத்தையே மேடையாகக் கொண்டு உருவானவை. ஆகவே உலகமே அறிந்த பாடல்கள் பல, பார்வையாளர் முன்னால் ஒருமுறையும் ஒலிக்காதவையாக இருந்தன.

இரண்டாவது இடைவெளிதான் ரசிகர்களின் ஏக்கத்துக்கு முக்கியக் காரணம். 1980 ஜனவரியில் ஜப்பான் விமான நிலையத்தில் கஞ்சாவோடு பிடிபட்டு மெக்கார்ட்னி சிறையில் அடைக்கப்பட்டார். பீட்டில்ஸ் பிரிந்த பிறகு அவர் தொடங்கிய விங்ஸ் குழுவின் ஜப்பான் பயணம் ரத்தானது. குழு மெல்லக் கலைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பீட்டில்ஸ் தோழர் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு 1989 செப்டம்பரில் நார்வேயின் டிராமன் நகரில் மேடை ஏறும் வரை மெக்கார்ட்னி ஒரு சுற்றுப்பயணமும் மேற்கொள்ளவில்லை. இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் "மெக்கார்ட்னி 2", "டக் ஆஃப் வார்", "பைப்ஸ் ஆஃப் பீஸ்", "பிரஸ் டு பிளே" ஆகிய ஆல்பங்கள் வந்துவிட்டன. ஆல்பம் வெளிவந்ததும் பாடல்களை மேடையில் பாடிப் பழக்கி, ரசிகர்களின் காதில் ஏற்றுவதுதான் வழக்கம். இந்த ஆல்பங்களுக்கு அந்த வாய்ப்பே அமையவில்லை. 1989-இல் அவர் திரும்பி வந்தபோது கையில் புதிய ஆல்பம் ஒன்று இருந்தது, பாட வேண்டிய பீட்டில்ஸ் பாடல்களும் குவிந்திருந்தன. நடுவில் இருந்தவை அப்படியே விடுபட்டுப் போயின. அவருடைய மிக நல்ல மெட்டுகளில் சில இந்தக் காலத்தவை என்பதே என் கருத்து.

பீட்டில்ஸ் பாடல்களையும் அரிதானவை என்று சொல்ல முடியுமா?

ஒரு காலத்தில் அவைதான் அரிதானவை. 1972 பிப்ரவரியில் விங்ஸ் குழு ஒரு வேனில் ஏறி, முன்னறிவிப்பின்றி பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று பாடியபோது, அவர் பீட்டில்ஸ் பாடல்கள் எதையும் தொடவில்லை. 1975-76 உலகப் பயணத்தில் ஐந்தே ஐந்துக்கு இடம் கொடுத்தார்: "லேடி மடோனா", "த லாங் அண்ட் வைண்டிங் ரோடு", "ஐ'வ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்", "பிளாக்பேர்ட்", "யெஸ்டர்டே". அன்றைய ரசிகர் அந்த ஐந்துக்காகத் தவம் கிடந்தார். இன்றைய ரசிகரோ இருபதுக்கு மேற்பட்ட பீட்டில்ஸ் பாடல்களைக் கேட்டுவிட்டு, விங்ஸ் பாடல் இன்னொன்று வராதா என்று காத்திருக்கிறார்.

ஆனாலும் பீட்டில்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துவரும் பழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை. 2013 மே மாதம் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டே நகரில் தொடங்கிய பயணத்தில், "லவ்லி ரீட்டா", "யுவர் மதர் ஷுட் நோ", "ஆல் டுகெதர் நவ்", "பீயிங் ஃபார் த பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்" ஆகியவை முதன்முறையாக மேடை ஏறின. இவற்றில் கடைசிப் பாடல் லெனன் பாடியது. அதன் பேஸ் கிதார் வரிசை பாட்டின் மெட்டோடு சேர்ந்து போகாமல் தனக்கென்று ஒரு வழியில் நடக்கும். ஒரே ஆள் இரண்டையும் செய்வது எளிதல்ல என்பதை மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். ஒருவர் தன் எழுபதாவது வயதைத் தாண்டிய பிறகு, யாரும் கேட்காத ஒரு சிரமத்தை வலிய ஏற்றுக்கொண்டு பயிற்சி செய்கிறார் என்பதே ரசிகர்களுக்குப் பெரிய விருந்தாக இருந்தது.

2016 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரக் கச்சேரி "எ ஹார்ட் டேஸ் நைட்" பாடலின் அந்தப் புகழ்பெற்ற முதல் கார்டோடு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் மீட்டு) தொடங்கியது. 1965-க்குப் பிறகு பீட்டில்ஸ் அதைப் பாடியதில்லை. தனியாகவும் அவர் அதுவரை பாடியதில்லை. 2025 செப்டம்பரில் சாண்டா பார்பராவில், தொலைபேசிகளைப் பூட்டி வைக்கச் சொல்லி நடத்திய கச்சேரி ஒன்றில், "ஹெல்ப்" பாடலை முழுமையாகப் பாடித் தொடங்கினார். 1990-இல் லிவர்பூலில் லெனன் நினைவாகப் பாடிய தொகுப்பில் அதன் ஒரு பகுதி மட்டும் வந்திருந்தது.

கச்சேரிக்குக் கச்சேரி பாடல் வரிசையை மாற்றினால் என்ன?

ரசிகர்கள் மிக அதிகமாகக் குறைப்பட்டுக்கொள்வது இதைப் பற்றித்தான். ஒரு பயணம் தொடங்கிவிட்டால் அதன் செட் லிஸ்ட் ஏறக்குறைய உறைந்துவிடுகிறது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பாடல்கள் மாறி மாறி வரும். பெரிய திரைப் படங்கள், விளக்குகள், தீப்பிழம்புகள் எல்லாம் பாட்டோடு இணைக்கப்பட்டிருப்பதால், நினைத்த மாத்திரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது கடினம்.

அதைவிடப் பெரிய காரணம் பார்வையாளர்கள். பழைய பீட்டில்ஸ் பாடல் ஒன்று தொடங்கினால் அரங்கம் முழுக்கத் தொலைபேசி வெளிச்சம் நட்சத்திரக் கூட்டமாக எழுகிறது என்றும், புதிய பாடலைத் தொடங்கினால் அதே இடம் கருந்துளையாகிவிடுகிறது என்றும் மேடையிலேயே அவர் வேடிக்கையாகச் சொல்வார். ஆனாலும் பாடத்தான் போகிறோம் என்று சேர்த்துக்கொள்வார். நாற்பதாயிரம் பேர் கூடும் அரங்கில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவரைப் பார்க்க வந்தவர்கள். அவர்களை "ஹே ஜூட்" இல்லாமல் அனுப்பிவைப்பது முறையாகாது. பத்துக் கச்சேரிக்குப் போகும் ரசிகரின் அலுப்பு உண்மையானதுதான். ஆனால் கச்சேரி அவருக்காக மட்டும் நடத்தப்படுவதில்லை. இந்த வழக்கில் நான் மெக்கார்ட்னியின் பக்கம்.

"டெம்பரரி செக்ரெட்டரி" பாடலைச் சுற்றி ஏன் இத்தனை பேச்சு?

1979 கோடையில், விங்ஸ் குழு இன்னும் கலையாதபோதே, எல்லாக் கருவிகளையும் தானே வாசித்துத் தனியாக அவர் பதிவு செய்து பார்த்தவற்றில் ஒன்று இது. சீக்வென்சர் என்ற மின்னணுக் கருவி ஓயாமல் சுரங்களைத் தெறித்துக்கொண்டிருக்க, மேலே மூக்கால் பேசுவதுபோல ஒரு குரல், வேலைவாய்ப்பு முகவர் ஒருவரிடம் தற்காலிகச் செயலர் வேண்டும் என்று கேட்கிறது. 1980-இல் "மெக்கார்ட்னி 2" ஆல்பத்தில் வந்தபோது பலர் இதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கினார்கள். கிறுக்குத்தனம் என்பது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் பின்னால் வந்த மின்னணு நடன இசை ரசிகர்கள் இதைக் கண்டெடுத்துத் தங்கள் இரவுகளில் ஒலிக்கவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது காலத்துக்கு முந்திய படைப்பாகப் பேசப்பட்டது.

2015 மே 23 அன்று லண்டன் ஓ2 அரங்கில் முதன்முறையாக இது மேடை ஏறியது. கீபோர்டில் விக்ஸ் விக்கன்ஸ் அந்தச் சீக்வென்சர் ஓசையை எழுப்ப, ஏப் லபோரியல் ஜூனியரின் முரசு அதன்மேல் விழுந்தபோது, அசல் பதிவில் இல்லாத ஒரு முரட்டு எடை பாட்டுக்கு வந்தது. அன்று எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்தால் அரங்கம் இரண்டாகப் பிரிவது தெரியும்: பெரும்பாலோர் இது என்ன என்று திகைக்க, அங்கொருவர் இங்கொருவராகச் சிலர் தலைகால் புரியாமல் குதிக்கிறார்கள். அந்தச் சிலருடைய முகம்தான் இந்தப் பக்கத்தின் பொருள் என்று சொன்னால் தவறில்லை.

சவுண்ட் செக்கில் என்னதான் நடக்கிறது?

மாலையில் வாயில் திறப்பதற்கு முன், ஒலியைச் சரிபார்க்கும் பெயரில் மெக்கார்ட்னியும் குழுவினரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாசிப்பார்கள். அதைக் கேட்க அதிக விலையில் தனிச் சீட்டு விற்கப்படுகிறது. இரவுக் கச்சேரியில் வரும் பாடல்களை அங்கே அவர் பெரும்பாலும் தொடுவதில்லை. 1950-களின் பாடகர் கார்ல் பெர்கின்ஸ் காலத்து ராக் அண்ட் ரோல் பாடல்கள், யூகுலேலே என்ற சிறு கிதாரில் "ராம் ஆன்", "சி மூன்", "புளூபேர்ட்" என்று மனம் போன போக்கில் போவார். செட் லிஸ்டின் கட்டுப்பாடு இல்லாத மெக்கார்ட்னியைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வெற்று அரங்கில்தான் பார்க்க வேண்டும். அரிதான பாடல்கள் வசதியுள்ள சிலருக்கு மட்டும் கிடைக்கின்றன என்ற மனக்கசப்பு ரசிகர்களிடையே உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

"மல் ஆஃப் கின்டையர்" பிரிட்டனில் அத்தனை பெரிய வெற்றி பெற்றும் சில ஊர்களில் மட்டும் ஏன் பாடப்படுகிறது?

1977 நவம்பரில் வந்த இந்தப் பாடல், பிரிட்டனில் இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற முதல் சிங்கிள் (தனிப்பாடல் தட்டு) என்ற பெயரைப் பெற்றது. ஸ்காட்லாந்தில் அவருடைய பண்ணை இருந்த தீபகற்பத்தைப் பற்றியது. அமெரிக்காவில் இது எடுபடவில்லை. அங்கே வானொலிகள் மறுபக்கத்தில் இருந்த "கேர்ள்ஸ் ஸ்கூல்" பாடலையே ஒலிபரப்பின. எனவே அமெரிக்கக் கச்சேரியில் இதற்குத் தேவை இல்லை. இன்னொன்று, பேக்பைப் என்ற ஸ்காட்லாந்துத் துருத்திக்குழல் வாசிக்கும் குழு இல்லாமல் இந்தப் பாட்டு நிற்காது. கிளாஸ்கோவிலும், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் நிறைந்த கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் உள்ளூர் பேக்பைப் குழுவினர் வரிசையாக மேடைக்கு நடந்து வரும்போதுதான் இது பெரும்பாலும் பாடப்படுகிறது. அமெரிக்க ரசிகர் ஒருவர் பல கச்சேரிகள் பார்த்தும் கேட்காத பாடலை, கிளாஸ்கோவில் ஒருவர் முதல் கச்சேரியிலேயே கேட்டிருக்கக் கூடும்.

ரசிகர்கள் கேட்டு அவர் பாடியது உண்டா?

உண்டு. 2008 ஜூன் 14 அன்று உக்ரைனின் கீவ் நகரச் சுதந்திரச் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி நடந்தது. அதற்கு முன் இணையத்தில் நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் அங்குள்ள ரசிகர்கள் "மிஸஸ் வாண்டபில்ட்" பாடலைக் கேட்டார்கள். 1973-இல் லாகோஸ் நகரில் பதிவான "பேண்ட் ஆன் த ரன்" ஆல்பத்தின் பாடல் அது. மேற்கு நாடுகளில் பெரிதாகப் பேசப்படாத அந்தப் பாடலுக்குச் சோவியத் நாட்டில் வளர்ந்த தலைமுறையிடம் தனிச் செல்வாக்கு இருந்தது. கூட்டமாகக் கூவிப் பாட ஏற்ற பல்லவி அதற்கு உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அன்று முதன்முறையாக மேடையில் பாடினார். வரவேற்பைப் பார்த்து அடுத்தடுத்த கச்சேரிகளிலும் சேர்த்துக்கொண்டார். ஒரு பாடலின் புகழ் நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அரங்கில் அட்டை பிடித்துக் கேட்பது வேறு. அட்டைகளில் எழுதியிருப்பதைப் படித்துச் சிரிப்பார், சில நேரம் மேடைக்கும் அழைப்பார். பாட்டு மட்டும் மாறாது.

முதலிடம் பிடித்த பாடல்களைக்கூடப் பாடாமல் விட்டிருக்கிறாரா?

"சில்லி லவ் சாங்ஸ்" 1976-இல் அமெரிக்கப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு விங்ஸ் பயணத்தோடு சரி. பிறகு எந்தப் பயணத்திலும் அதைப் பாடவில்லை. பேஸ் கிதாரே தலைமை ஏற்று நடத்தும் பாட்டு அது, அதை வாசித்துக்கொண்டே பாட வேண்டும், பித்தளைக் கருவிகளும் வேண்டும் என்று ரசிகர்கள் நெடுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 முதல் மூன்று பேர் கொண்ட பித்தளைக் கருவிக் குழு அவரோடு வருகிறது. அவர்கள் துணையோடு "லெட்டிங் கோ" கம்பீரமாக ஒலிக்கிறது. ஆகவே அந்தச் சமாதானம் இனிச் செல்லாது.

"அங்கிள் ஆல்பர்ட்/அட்மிரல் ஹால்சி" 1971-இல் அங்கே முதலிடம் பிடித்தது. அதை அவர் முழுமையாக மேடையில் பாடியதே இல்லை. மழையும் இடியும், ஆர்கெஸ்ட்ராவும், திடீர் திடீரென்று மாறும் பகுதிகளுமாகப் பதிவுக்கூடத்தில் ஒட்டிச் சேர்த்த அந்தப் பாடல் தட்டிலேயே இருப்பது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்பவர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

குரல் ஒரு தடையா?

சில பாடல்களுக்கு நிச்சயமாகத் தடைதான். 1969-இல் "ஓ டார்லிங்" பாடலுக்காக அவர் நாள்தோறும் காலையில் மற்றவர்களுக்கு முன்பே பதிவுக்கூடத்துக்கு வந்து, தொண்டை பழகுவதற்குள் ஒருமுறை மட்டும் பாடிப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் மறுநாள் என்று விட்டுவிடுவார். இருபத்தேழு வயதுக் குரலையே அப்படி வதைத்த பாட்டைக் கச்சேரியில் முழுமையாகப் பாட இளமையிலும் அவர் துணியவில்லை. இனி எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஆனால் அரிதான பாடல்களில் பல தாழ்ந்த சுரங்களில் மெல்ல நடப்பவை. வயதான குரலின் நடுக்கம் அவற்றுக்கு அழகு சேர்க்கவும் கூடும்.

பி-சைடு பாடல்களில் ரசிகர்கள் எதைக் கேட்கிறார்கள்?

"டேடைம் நைட்டைம் சஃபரிங்". 1979-இல் "குட்நைட் டுநைட்" சிங்கிளின் மறுபக்கமாக வந்தது. இன்னும் மேடை காணவில்லை.

அரிதானது வழக்கமானதாக மாறிவிட்டால் ரசிகர்களுக்குச் சலிப்பு வருகிறதா?

சில பாடல்களில் வருகிறது. "ஹியர் டுடே" பாடலில் வரவில்லை. லெனன் மறைவுக்குப் பிறகு அவரோடு பேசுவதுபோல எழுதப்பட்டு 1982-இல் "டக் ஆஃப் வார்" ஆல்பத்தில் வந்த இதை, இருபது ஆண்டுகள் மெக்கார்ட்னி மேடையில் பாடவில்லை. 2002 அமெரிக்கப் பயணத்தில் ஒரு கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக நின்று முதன்முதலில் பாடினார். பாடும்போது சில இரவுகளில் தொண்டை அடைத்துவிடுவதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிவில் நரம்பிசை நால்வர் குழு இருக்கிறது. மேடையில் அதுவும் இல்லை. மேடைக்கு வந்ததால் அசலைவிட ஆழம் பெற்ற பாடல் இது. மேடை ஏறாத மற்ற பாடல்களுக்காக நாம் வாதாடுவதற்கு வலுவான ஆதாரமும் இதுதான்.

இவற்றை முறையான வெளியீடுகளில் எங்கே கேட்கலாம்?

1976-இல் மூன்று தட்டுகளாக வந்த "விங்ஸ் ஓவர் அமெரிக்கா" தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அதன் கடைசிப் பாடலான "சாய்லி" எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இடம்பெறாதது. 1990-இன் "டிரிப்பிங் த லைவ் ஃபண்டாஸ்டிக்", 1993-இன் "பால் இஸ் லைவ்" ஆகிய இரண்டிலும் சவுண்ட் செக் பதிவுகள் உண்டு. 1991 ஜனவரியில் எம்டிவி நிகழ்ச்சிக்காகப் பதிவான "அன்பிளக்ட்" ஆல்பத்தில், பதினான்கு வயதில் அவர் எழுதிய முதல் பாடலான "ஐ லாஸ்ட் மை லிட்டில் கேர்ள்" இருக்கிறது. இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஆல்பம்தான். 1974-இல் ஆபி ரோடு கூடத்தில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்த "ஒன் ஹேண்ட் கிளாப்பிங்", ஐம்பது ஆண்டுகள் திருட்டுப் பதிவுகளாக உலவிவிட்டு, 2024-இல் முறைப்படி வெளிவந்தது.

இன்னும் ஒரே ஒரு பாடல் மேடை ஏறலாம் என்றால் எது?

ரசிகர்களிடையே இதற்கு ஒருமித்த பதில் கிடையாது. என் பதில் "வாண்டர்லஸ்ட்". 1977-இல் வர்ஜின் தீவுகளில் படகின் மேல் பாடல்கள் பதிவு செய்துகொண்டிருந்தபோது, முதல் படகின் தலைவரோடு உரசல் ஏற்பட்டு, இவர்கள் மாறிச் சென்ற படகின் பெயர் அது. 1982-இல், பீட்டில்ஸ் ஆல்பங்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் தயாரிப்பில் "டக் ஆஃப் வார்" ஆல்பத்தில் வந்தது. பியானோவில் தொடங்கி, பித்தளைக் கருவிகள் சேர, முடிவில் இரண்டு தனித்தனி மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் பாடப்படுகின்றன. ஊதுகருவிக்காரர்கள் மூவர் இப்போது அவரிடம் இருக்கிறார்கள். அவர் குழுவில் வாசிக்கும் ரஸ்டி ஆண்டர்சன், பிரையன் ரே, விக்கன்ஸ், லபோரியல் என்ற நால்வரும் பாடத் தெரிந்தவர்கள். இரண்டாவது மெட்டை அவர்களே ஏந்திக்கொள்ளலாம். பயண ஒத்திகையில் ஒரு பிற்பகலை ஒதுக்கினால் போதும்.